வெளியே போன பாதம்

குழந்தையிடம் ஒரு பொய் சொல்லிவிடுவது சுலபம். அதைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பிராணாவஸ்தை. ஞாபகசக்தி வேண்டும், நடிப்பு வேண்டும், கொஞ்சம் கைவேலையும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் எதுவுமே எனக்குக் கிடையாது என்பது, நெய்வேலியில் ஒரு கோகுலாஷ்டமி அன்று இரண்டு ப்ளாக் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

பண்டிகைக்கு யாரோ வருகிறார், தின்றுவிட்டுப் போகிறார், ஏதோ கொடுத்துவிட்டுப் போகிறார் என்றெல்லாம் பிள்ளைகளை நம்ப வைக்கலாமா கூடாதா என்று என் பேத்தியும் அவள் புருஷனும் இப்போது காரசாரமாக விவாதிக்கிறார்கள். "தாத்தா, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் வழக்கைக் கொண்டுவருகிறார்கள். (யாரைப் போய்க் கேட்கிறார்கள் பாருங்கள்!) நான் தீர்ப்புச் சொல்வதில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் சுரங்கத்து டிராயிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மன். வரைபடம் போடுகிற வேலை. எந்நேரமும் வலது காதில் ஒரு பென்சில் சொருகியிருக்கும். பென்சில் இல்லாத நேரத்திலும் அது இருக்கிறதா என்று கை காதுக்குப் போய்ப் போய் வரும். வீட்டில் சாப்பிடும்போதுகூட ரசக்கையோடு காதைத் தொட்டு, என் மனைவி கமலாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்டர்ஸ் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். வந்த புதிதில் நானே ஒருநாள் அசதியில் பக்கத்து வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "காபி கொண்டா" என்று குரல் கொடுத்திருக்கிறேன். காபி வந்தது. கொண்டுவந்தவர் சூசை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் மண் வாரும் மெஷின் ஓட்டுகிறவர், ஆறடி உயரம். "சீனி போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிட்டோம். அவர் மனைவி மேரிக்கு நான் அண்ணன், என் மகள் சுமதிக்கு மேரி அத்தை.

வினை அந்த வருஷத்து டிசம்பரில் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம் மேளமும் தாளமுமாக ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா ப்ளாக்குக்குள் வந்தார். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி. ஆனால் காலில் சுரங்கத்து பூட்ஸ். (தாத்தா ஆறடி உயரம். வேறு என்ன சொல்ல?) சூசை வீட்டு வாசலில் நின்று, பிள்ளைகளுக்கு மிட்டாயும் பலூனும் கொடுத்து, ஆடிவிட்டுப் போனார். சுமதிக்கும் ஒரு பலூன் கிடைத்தது. அவளுக்கு அப்போது நாலு வயசு முடிந்திருந்தது. பலூனை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் முகம் வாடியிருந்தது.

"அப்பா, அந்தத் தாத்தா ஏன் நம்ம வீட்டுக்கு வரல?"

"அவர் அவங்க தாத்தாம்மா."

"நமக்கு யாரு வருவாங்க?"

யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருப்பது நமக்கு இல்லை என்று ஒத்துக்கொள்ள எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? "நமக்கா? நமக்குக் கிருஷ்ணர் வருவாரே! கோகுலாஷ்டமிக்கு வருவார். குட்டிக் குட்டிப் பாதம் வெச்சு வாசல்லேர்ந்து உள்ள நடந்து வந்து வெண்ணெய் சாப்பிடுவார்" என்று அவிழ்த்துவிட்டேன்.

"நிஜமாவா?"

"நிஜமா. தரையில பாதம் இருக்கும், பாரேன்."

கமலா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சுமதி பலூனோடு வெளியே ஓடிய பிறகு சொன்னாள்: "பாதம் போடறது வழக்கம்ங்க. எங்க வீட்டுலயும் அம்மா போடுவாங்க. போடறது அம்மான்னு எங்களுக்கும் தெரியும். நிஜமாவே வருவார்னு எதுக்குங்க கதை கட்டறீங்க? நாளைக்குக் கேள்வி கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றேன். வாழ்க்கையில் நான் 'பார்த்துக்கறேன்' என்று சொன்ன எதையும் உருப்படியாகப் பார்த்துக்கொண்டதில்லை.

பொய் என்பது புளித்த மாவு மாதிரி, மூடி வைத்தால் பொங்கும். பங்குனியில் கமலா முழுகாமல் இருப்பது சுமதிக்குத் தெரிந்தது. தம்பி எங்கிருந்து வருவான் என்று துளைத்தெடுத்தாள். கமலாவுக்கு வெட்கம். நான் முன்வந்து, "கிருஷ்ணர்தான் கொண்டுவருவார்" என்றேன். எப்போது என்றாள். டாக்டர் சொன்ன நாளும் கோகுலாஷ்டமியும் ஒரு மாசம்தான் முன்னே பின்னே இருந்தது. வரைபடத்தில் அரை அங்குலம் விட்டுக்கொடுக்காதவன், இதில் ஒரு மாசத்தை விட்டுக்கொடுத்து, "கோகுலாஷ்டமிக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

கோகுலாஷ்டமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கமலாவுக்கு வலி கண்டது. எட்டாம் மாசம். சூசை எங்கேயோ ஓடி ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலை பையன் பிறந்தான். பிறந்தான் என்று சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிசாக இருந்தான். பஞ்சில் சுற்றி, பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டு வைத்திருந்தார்கள். டாக்டர், "ரெண்டு நாள் போகட்டும், பார்க்கலாம்" என்றார். அவர் குரலில் இருந்ததை நான் புரிந்துகொள்ள மறுத்துவிட்டேன். குழந்தைகளுக்கு வைக்கக் கூடாது என்கிறோமே குருட்டு நம்பிக்கை, அதை நான் எனக்கு வைத்துக்கொண்டேன்.

கோகுலாஷ்டமி அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கமலா அப்படியே துவண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்: "சுமதி கேட்டாளா?"

"கேட்டா. இன்னிக்குத்தானேன்னு கேட்டா."

"பாதம் போட்டுடுங்க. நான் இல்லேன்னு விட்டுடாதீங்க. தம்பி பொறந்ததை அவ கிட்ட இப்பச் சொல்லவேண்டாம். நல்லபடியா ஆனப்புறம் சொல்லிக்கலாம். பாதம் மட்டும் போட்டுடுங்க. அவ ஏமாறக் கூடாது."

வேண்டாம் என்று சொன்னவளே போடச் சொன்னாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மதியம் மேரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து சுமதி பாயில் தூங்கிப்போனாள். சீடைக்கும் வெண்ணெய்க்கும் மேரிதான் ஏற்பாடு செய்திருந்தாள். (கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டிய கை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற கை.) வெண்ணெயைச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டுச் சாமி அலமாரியின் முன்னால் வைத்தேன். அரிசி மாவைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி மூன்று இருக்கும்.

கிருஷ்ணர் பாதம் போடுவது பெண்களுக்கு ஒரு நிமிஷ வேலை. கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் அழுத்தி எடுத்தால் உள்ளங்கால் பதியும். விரல் நுனியால் அதற்கு மேலே ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். வாசற்படியிலிருந்து தொடங்கி உள்ளே போட்டுக்கொண்டே வருவார்கள். இதைப் படிக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் படிப்பு குறுக்கே வந்தது. எந்த வரைபடமாக இருந்தாலும் முதலில் அசையாத ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்பது டிராயிங் ஆபீஸில் எங்களுக்கு வேதம். வீட்டில் அசையாத புள்ளி எது? சாமி அலமாரி. அங்கே உட்கார்ந்தேன். வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். ஸ்கேலை வைத்துப் பாதத்துக்குப் பாதம் ஒன்பது அங்குலம் அளந்து, குந்தியபடியே வாசலை நோக்கி நகர்ந்து நகர்ந்து போட்டுக்கொண்டு போனேன். சிவப்பு சிமென்ட் தரையில் வெள்ளைப் பாதங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி விழுந்தன. இடது, வலது, இடது, வலது. ஒன்றுகூடக் கோணவில்லை. மனசில் இருந்த பயமெல்லாம் அந்த ஒன்பது அங்குலத்தில் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடந்தது. அவன் பிழைத்துவிடுவான் என்று தோன்றியது. இவ்வளவு நேராகக் கோடு போடுகிறவன் வீட்டில் கெட்டது நடக்காது என்று ஏதோ ஒரு கிறுக்கு எண்ணம்.

வாசற்படியில் கடைசிப் பாதத்தை முடித்துவிட்டு, பின்பக்கக் குழாயில் கை கால் கழுவி, பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டு (சாட்சியம் மிச்சம் இருக்கக் கூடாதல்லவா?) கொல்லைப்புறமாகவே போய் மேரியைக் கூப்பிட்டேன். நல்ல வேலை செய்தவனுக்கு நாலு பேர் பார்க்க வேண்டுமே! மேரி வந்து வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அப்புறம் மறுபக்கம் சாய்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா சாமி வெளியல்லா போறாரு?"

குனிந்து பார்த்தேன். பதினேழு பாதங்கள். எண்பத்தைந்து விரல்கள். அத்தனையும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊருக்கே வரைபடம் போடுகிறவன் பகவானை அலமாரியிலிருந்து கிளப்பி வாசல் வழியாக வழியனுப்பி வைத்திருக்கிறேன்!

மேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு, சுமதி எழுந்திருப்பதற்குள் துடைத்துவிட்டு மாற்றிப் போட்டுவிடலாம் என்று ஈரத்துணியோடு உள்ளே போனோம். பாய் காலியாக இருந்தது. அலமாரியின் முன்னால் வெண்ணெய்க் கிண்ணத்தையும் காணோம்.

நான் குழாயடியில் இருந்த நேரத்தில் அவள் விழித்திருக்கிறாள். பாதத்தைப் பார்த்திருக்கிறாள். அப்பா சொன்னபடி வந்திருக்கிறார்! ஆனால் வெண்ணெய் அப்படியே இருக்கிறது. தம்பியையும் காணோம். பாதம் வாசலைத் தாண்டிப் போகிறது. சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது என்று, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்து வயசுக் குழந்தை, எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிற ஊரில், எண் படிக்கத் தெரியாமல், எங்கேயோ போய்விட்டது என்பதுதான்.

சூசை நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து லுங்கியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனார். நான் என் சைக்கிளில் இன்னொரு பக்கம் போனேன். தெருவில் எதிர்ப்பட்ட முதல் ஆளிடம் "எங்க குழந்தையைப் பார்த்தீங்களா? கிருஷ்ணரைத் தேடிப் போயிருக்கா" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் நிதானமாக யோசித்து, "எந்தக் கிருஷ்ணன் சார்? ஸ்டோர்ஸ்ல இருக்கிறவரா? அவர் லீவுல ஊருக்குப் போயிருக்காரே" என்றார்.

நாலாவது வீட்டில் தடயம் கிடைத்தது. வாசலில் பாதம் போட்டிருந்தார்கள். (உள்நோக்கி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.) அந்த அம்மாள் வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "ஆமா சார், வந்தா. கையில கிண்ணம். 'எங்க வீட்டுலேர்ந்து வந்த கிருஷ்ணர் இங்கதானே இருக்கார்?'னு கேட்டா. 'இருந்தார்டா கண்ணு, இப்பத்தான் எதிர் வீட்டுக்குப் போனார்'னேன். பாவம், எவ்வளவு ஆசையாக் கேக்கறா!"

எதிர் வீட்டில், "வந்து சீடை சாப்பிட்டுட்டுப் பின் தெருவுக்குப் போனாரே" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பின் தெருவில் ஒருவர், "அடுத்த ப்ளாக் பக்கம் போன மாதிரி இருந்ததே" என்றிருக்கிறார். அடுத்த ப்ளாக்கில் ஒரு மாமி அவளை உட்காரவைத்து மோர் கொடுத்து, பொட்டு வைத்து, இன்னும் நாலு வீடு தள்ளி அனுப்பியிருக்கிறாள். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் என் பொய்யை யாரோ வாங்கி, ஒரு முழம் நீட்டி, அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். "கிருஷ்ணராவது வர்றதாவது, வீட்டுக்குப் போ பாப்பா" என்று சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரையும் அறைய வேண்டும் போலிருந்தது. முதல் அறை எனக்குத்தான் விழ வேண்டும் என்பதும் தெரிந்தே இருந்தது.

ஷிப்ட் முடிந்து பஸ்களும் லாரிகளும் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வர ஆரம்பித்தன. ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் என் கண் போயிற்று. அழுதுகொண்டேதான் சைக்கிள் மிதித்தேன், மறைப்பானேன்?

மெயின் ரோட்டில் கீரைக்கார அஞ்சலை காலிக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து தினம் ப்ளாக்குக்குக் கீரை கொண்டுவருகிறவள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கூடையை இறக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார் நீங்க? கொழந்த கிண்ணத்த புடிச்சிகினு வெயில்ல தன்னந்தனியா நடந்துகினு இருக்குது. எங்க பாப்பா போறன்னா, கிருஷ்ணருக்கு வெண்ண குடுக்கப் போறேன்னுது. அப்பறம், அம்மாகிட்ட தம்பி வரணும், அம்மா ஆஸ்பத்திரில இருக்குது, அவரு அங்கதான் போயிருப்பாருன்னுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வூடு எங்கன்னா எல்லா வூட்டயும் காட்டுது! சரின்னு தூக்கிகினு போயி ஆஸ்பத்திரில அவங்க அம்மாகிட்டயே வுட்டுட்டு வர்றேன். வூட்ல ஆளு இல்லீங்களா?"

"நான்தான்மா இருந்தேன்."

"அதான்" என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் காலில் விழாத குறை. ஆஸ்பத்திரி வரைக்கும் நான் சிரித்துக்கொண்டே போனேன். இந்தக் கூத்தையெல்லாம் கமலாவிடம் எப்படிச் சொல்வது, பதினேழு பாதத்தை எங்கே சொல்வது, ஸ்டோர்ஸ் கிருஷ்ணனை எங்கே சேர்ப்பது என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டே மிதித்தேன். இரண்டு நாளாகச் சிரிக்காதவள், இதைக் கேட்டால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

வார்டு வாசலில் நர்ஸ் என்னைப் பார்த்து எழுந்தாள். "உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பினோமே சார், யாருமே இல்லையாமே" என்றாள். பிறகு மெதுவாக, "மூணு மணி சுமாருக்கு" என்றாள்.

நான் பாதம் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

உள்ளே கமலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சுமதி. பக்கத்தில் பல்பு அணைந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் பித்தளைக் கிண்ணம், அதில் வெண்ணெய் உருகி எண்ணெயாகிக் கிடந்தது. அழுது முடித்த முகம் கமலாவுக்கு. சுமதிதான் முதலில் பேசினாள்.

"அப்பா, கிருஷ்ணர் இங்கதான் வந்தாராம். தம்பிய விளையாடக் கூட்டிட்டுப் போயிட்டாராம். அம்மா சொன்னாங்க."

நான் கமலாவைப் பார்த்தேன்.

"வந்தாருங்க" என்றாள் கமலா. "நம்ம வீட்டுலேர்ந்து நேரா இங்கதான் வந்திருக்கார். பாதம் வெளிய போறதை சுமதி பார்த்தாளாம். இல்லீங்களா?"

நான்தான் திசை தப்பிப் போட்டேன் என்று அங்கே எப்படிச் சொல்ல? கடவுள் நம்பிக்கை எனக்கு அளவோடுதான் உண்டு. ஆனாலும் என் கையால் நானே பிள்ளையை வாசல் தாண்ட வைத்துவிட்டேன் என்று ஒரு முள் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. "ஆமாம்" என்றேன். சுமதியைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என் வலது காதைப் பிடித்து நகத்தால் எதையோ மெல்லச் சுரண்டினாள். குழந்தை என்னைத் தேற்றுகிறது என்று நினைத்து இன்னும் அழுதேன்.

அன்று சூரியன் சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. அவனை நான் ஒரு கையாலேயே தூக்கிக்கொண்டு போனேன். இன்னொரு கைக்கு வேலை இல்லை. குழி வெட்டியது சூசை. சுரங்கத்தில் மெஷினில் மலை மலையாக மண் வாருகிற மனுஷன், அந்தச் சின்னக் குழியை மண்வெட்டியால் வெட்ட முடியாமல் நின்று நின்று வெட்டினார். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுத் தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. மேரி துடைத்திருந்தாள். அதைப்பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு வருஷம் அந்த வீட்டில் சத்தமாக யாரும் சிரிக்கவில்லை. கமலா வேலையெல்லாம் செய்வாள், கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். சுமதி எப்போதாவது, "தம்பி இப்ப என்ன பண்ணுவான்?" என்பாள். கமலா அப்போது மட்டும் முகம் தெளிந்து, "விளையாடுவான்" என்பாள். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவேன்.

அடுத்த கோகுலாஷ்டமி வந்தது. கமலாவே மாவைக் கரைத்துக்கொண்டு வாசலில் குனிந்தாள். உள்ளே வருகிற பாதங்கள், ஒரு நிமிஷ வேலை. நிமிர்ந்தாள். சுமதி கேட்டாள்: "தம்பி போற பாதம்?"

கமலா திரும்பி உட்கார்ந்து, பக்கத்திலேயே வாசலைப் பார்த்து இன்னொரு வரிசை போட ஆரம்பித்தாள், இன்னும் சின்னதாக. எனக்குத் தாங்கவில்லை. போட்டு உடைத்துவிட்டேன்.

"கமலா, போன வருஷம் அது நான் தப்பாப் போட்டது. அலமாரியிலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். நான்தான் வெளிய திருப்பிட்டேன்."

அவள் மாவுக்கையோடு என்னை ஏறிட்டாள். "எனக்குத் தெரியாதா? சுமதி சொன்னப்பவே தெரியும். ஸ்கேல் வெச்சு அளந்தீங்களா?"

"ஒம்பது அங்குலம்" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம். "ஊருக்கெல்லாம் மேப் போடறீங்க, சாமிக்கு வழி தெரியல உங்களுக்கு!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறி, இரண்டுமாக ரொம்ப நேரம் ஓடியது. மேரி சத்தம் கேட்டு ஓடிவந்து, அவளும் சேர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதைத் தலைகீழாகச் செய்தாலும், குழந்தைக்குச் சட்டையை முன்பின்னாகப் போட்டாலும், ஏற வேண்டிய பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நின்றாலும், "அப்பா பாதம் போட்டுட்டார்" என்பதுதான் பேச்சு. வந்த மாப்பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பாதமும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு வரிசைதான். கேட்கிறவர்களுக்குக் கமலா, "எங்க வீட்டு வழக்கம்" என்று முடித்துவிடுவாள்.

கமலா போய் ஆறு வருஷமாகிறது. அவள் இறந்த வருஷத்துக் கோகுலாஷ்டமிக்குச் சுமதி வீட்டில் இருந்தேன். சுமதிக்கே தலை நரைத்துவிட்டது. முழங்கால் வலியோடு உட்கார்ந்து உள்ளே ஒரு வரிசையும் வெளியே ஒரு வரிசையும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ இன்னுமா அதை நம்பறே?" என்று கேட்டேன்.

அவள் தலை நிமிராமலே சொன்னாள்: "நான் எங்கேப்பா நம்பினேன்? ஆஸ்பத்திரியில என்னைத் தூக்கினீங்களே, உங்க காதுல மாவு காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தது. நான்தான் சுரண்டி எடுத்தேன்."

"அப்ப, வருஷா வருஷம் தம்பி பாதம் கேட்டியே?"

"அம்மாதான் அழுதுகிட்டே இருந்தாங்களே. கிருஷ்ணர் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு என்கிட்ட சொன்னாங்கல்ல, அதைச் சொல்லும்போதுதான் அழுகைய நிறுத்தினாங்க. எனக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா மறுபடி அழுவாங்களேன்னு இருந்தது. உங்க காதுல அம்மா பார்த்துடக் கூடாதேன்னுதான் சுரண்டினேன்."

ஐந்து வயசு அவளுக்கு அப்போது. குழந்தை ஏமாறக் கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டோம்! குழந்தை எங்களை ஏமாறாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் பேத்தியும் அவள் புருஷனும் தீர்ப்புக் கேட்டால் எழுந்து போய்விடுகிறேன். எதைச் சொல்லி எதைத் தடுக்க? யார் யாருக்குச் சொல்கிற பொய் அது?

போன வருஷம் பண்டிகைக்குச் சுமதிக்கு உட்காரவே முடியவில்லை. மாவுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "உள்ள வர்றதை மத்தவங்க போட்டுக்குவாங்க. நீங்க வெளிய போறதைப் போடுங்கப்பா. உங்களுக்கு அதுதானே வரும்?" என்றாள். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். சாமி அலமாரியின் பக்கத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, சின்னச் சின்னதாகப் பதினேழு பாதம் போட்டேன். முடித்து எழுந்தபோது சுமதி பக்கத்தில் வந்து, என் தலையைத் திருப்பி, வலது காதைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்துவிட்டாள்.